இருதயம் இளைப்பாறுகிறதா? இரத்தம் சொல்லும் சாட்சி



நம் இதழின் மருத்துவப் பாடத்தில் இம்முறை ஒரு சிறிய இரத்தப் பரிசோதனையைப் பற்றிப் படிக்கப்போகிறோம். பெயர் சற்றுக் கடினமானது. ஆனால் விஷயம் கடினமானதல்ல. பொறுமையோடு வாசித்து, உங்கள் வீட்டிலுள்ள பெரியவர்களுக்கும் வாசித்துக் காட்டும்படி அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.

பாடத்தைத் தொடங்குமுன் எங்களிடமே நடந்த ஒரு தவற்றைச் சொல்லிவிடுகிறோம். அந்தத் தவறுதான் இந்தப் பாடத்தை எழுத வைத்தது.

ஒரு தாயாரின் கேள்வி

பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்து ஓய்வுபெற்ற ஒரு தாயார் எங்கள் வெளிநோயாளர் பிரிவுக்கு வந்தார். வயது 68. பதினெட்டு வருடங்களாக இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். சர்க்கரையும் உண்டு. கடந்த ஒரு வருடமாக நடந்தால் இளைப்பு. பஸ் நிறுத்தத்திலிருந்து ஆலயத்துக்குப் போகிற வழியில் ஒரு புளியமரம் உண்டு. முன்பெல்லாம் அந்த மரத்தைத் திரும்பிப் பாராமல் நடந்தவர், இப்போது அதன் நிழலில் ஐந்து நிமிடம் நின்றுதான் மேலே போகிறார். இரவில் ஒரு தலையணை இரண்டாகி, இரண்டு மூன்றாகிவிட்டது.

வேறோர் இடத்தில் எடுத்த எக்கோ அறிக்கையைக் கையோடு கொண்டுவந்திருந்தார். “பம்பிங் 62 சதவீதம், இயல்பு” என்று அதில் கண்டிருந்தது. நாங்களும் அதைப் பார்த்தோம். நெஞ்சில் விசில் சத்தம் கேட்டது. “இருதயம் நன்றாயிருக்கிறது, இது ஆஸ்துமாவாக இருக்கும்” என்று சொல்லி, உறிஞ்சும் மருந்து கொடுத்து அனுப்பிவிட்டோம்.

மூன்று வாரம் கழித்து, நடுநிசி தாண்டிய நேரத்தில், மகனும் மருமகளும் அவரை ஆட்டோவில் உட்காரவைத்தபடியே கொண்டுவந்தார்கள். படுக்க முடியவில்லை. பேச முடியவில்லை. உதடு நீலம் பாய்ந்திருந்தது. நுரையீரல் இரண்டிலும் நீர் கோத்திருந்தது. ஆக்சிஜன் வைத்து, நீர் இறக்கும் ஊசி போட்டு, இரத்த அழுத்தத்தைக் குறைத்தபின் விடியற்காலையில் மூச்சு சீரானது.

காலையில் வார்டைச் சுற்றி வந்தபோது அவர் எங்கள் பெண் மருத்துவரின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: “டாக்டரம்மா, பம்பு நல்லாத்தான் இருக்குன்னு எழுதியிருந்தாங்களே, நீங்களும் அப்படித்தானே சொன்னீங்க. அப்புறம் எப்படி எனக்கு இப்படி ஆச்சு?”

அந்தக் கேள்வியில் கோபம் இல்லை. ஆனாலும் எங்களைக் குத்தியது. அதற்குரிய விடையே இந்தப் பாடம்.

1. இருதயத்துக்கு இரண்டு வேலை

இருதயம் இரத்தத்தை வெளியே தள்ளுகிறது என்பது எல்லாருக்கும் தெரியும். தள்ளுவதற்கு முன் அது இரத்தத்தை உள்ளே வாங்கவேண்டும் என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம்.

கொல்லன் பட்டறையில் உள்ள துருத்தியை நினைத்துப் பாருங்கள். அழுத்தும்போது காற்று அடுப்புக்குப் போகிறது. ஆனால் துருத்தி விரிந்து காற்றை இழுத்துக்கொண்டால்தான் அடுத்த அழுத்தலில் போவதற்கு ஏதாவது இருக்கும். தோல் காய்ந்து விறைத்துவிட்டால், கொல்லனுடைய கை எவ்வளவு பலமாயிருந்தாலும் உள்ளே வந்ததற்கு மேல் ஒன்றும் வெளியே போகாது.

இருதயமும் அப்படியே. நிமிடத்துக்கு 70 தடவை துடிக்கிற இருதயத்தில் ஒரு துடிப்பின் நேரம் ஒரு விநாடிக்கும் சற்றுக் குறைவு. அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நேரம் அது சுருங்குகிறது. மீதி நேரம் தளர்ந்து, விரிந்து, நிரம்புகிறது. அதாவது வேலை செய்கிற நேரத்தைவிட இளைப்பாறுகிற நேரமே அதற்கு அதிகம்.

இந்த இளைப்பாறுதல் சும்மா இருப்பதல்ல என்பதைக் கவனியுங்கள். தசை சுருங்கும்போது அதன் அணுக்களுக்குள் கால்சியம் பாய்கிறது. தளர்வதற்கு அந்தக் கால்சியத்தைத் திரும்பவும் அதன் கிடங்குக்குள் ஏற்றவேண்டும். அப்படி ஏற்றுவதற்குச் சக்தி செலவாகிறது. தளர்வதற்கும் சக்தி வேண்டும் என்பதற்கு ஒரு சாட்சி நாம் அறிந்ததே: உயிர் பிரிந்த சில மணி நேரத்தில் சரீரம் விறைத்துப்போகிறது. தசைகளைத் தளர்த்தும் சக்தி அப்போது இல்லாமற்போகிறது.

2. இளைப்பாறுதல் எப்படிக் கெடுகிறது?

பல வருடங்கள் உயர்ந்த இரத்த அழுத்தத்துக்கு எதிராக வேலை செய்யும் இருதயத்தின் சுவர், மண்வெட்டி பிடிப்பவனின் கை காய்த்துப்போவதுபோலத் தடிக்கிறது. சர்க்கரை வியாதி, உடற்பருமன், முதுமை, சிறுநீரகக் கோளாறு ஆகியவை தசை நார்களுக்கிடையே தழும்பு போன்ற நாரை வளர்க்கின்றன. தடித்த சுவர் மெதுவாகத் தளர்கிறது, விறைப்பாக நிரம்புகிறது.

இப்படி விறைத்த கீழறைக்குள் அதே அளவு இரத்தம் போகவேண்டுமானால் கூடுதலான அழுத்தம் வேண்டும். அந்த அழுத்தம் இடது மேலறைக்கும், அங்கிருந்து நுரையீரலின் இரத்தக் குழாய்களுக்கும் பின்னோக்கி ஏறுகிறது. நுரையீரலில் நீர் கசிகிறது. இளைப்பு வருகிறது. மூச்சுக் குழாய்களின் சுவர் நீர்கோத்துத் தடிப்பதால் ஆஸ்துமா போன்ற விசில் சத்தமும் கேட்கலாம். இதற்குப் பழைய மருத்துவர்கள் ‘இருதய ஆஸ்துமா’ என்றே பெயர் வைத்தார்கள். நாங்கள் ஏமாந்தது இங்கேதான்.

உட்கார்ந்திருக்கும்போது இப்படிப்பட்டவர்களுக்குப் பெரும்பாலும் தொந்தரவு இல்லை. நடக்கும்போது நாடி 120 ஆகிறது. ஒரு துடிப்பின் நேரம் அரை விநாடியாகக் குறைகிறது. அந்தக் குறைவு பெரும்பாலும் நிரம்பும் நேரத்திலிருந்தே கழிகிறது. மெதுவாகத் தளரும் இருதயத்துக்கு அந்த அவசரம் தாங்காது. அந்தத் தாயார் புளியமரத்தடியில் ஏன் நின்றார் என்பது இப்போது விளங்கும். நின்றபோது நாடி குறைந்தது. இருதயத்துக்கு நிரம்ப நேரம் கிடைத்தது.

3. ‘பம்பிங் நன்று’ என்ற வார்த்தை ஏன் போதாது?

எக்கோ அறிக்கையில் வரும் பம்பிங் சதவீதம், உள்ளே இருந்த இரத்தத்தில் எத்தனை பங்கு வெளியே போனது என்பதைச் சொல்கிறது. ஒரு கணக்கைப் பாருங்கள். 120 மில்லி லிட்டர் நிரம்பி 72 வெளியேறினால் 60 சதவீதம். 80 மில்லி லிட்டர் மட்டுமே நிரம்பி 48 வெளியேறினாலும் அதே 60 சதவீதம். சதவீதம் ஒன்றுதான். ஆனால் சரீரத்துக்குக் கிடைத்ததோ மூன்றில் இரண்டு பங்கு மட்டுமே. மேலும், நிரப்புவதற்கு எவ்வளவு அழுத்தம் தேவைப்பட்டது என்பதைப் பற்றி இந்தச் சதவீதம் ஒன்றுமே சொல்லாது.

இருதயச் செயலிழப்பு என்றால் பம்பிங் குறைந்திருக்கவேண்டும் என்றே ஒரு காலத்தில் எண்ணினார்கள். இருதயச் செயலிழப்புள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்குப் பம்பிங் 50 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்கிறது என்பது இன்று தெரிந்த உண்மை. இவர்களில் பெண்களும், முதியோரும், இரத்த அழுத்தமுள்ளோரும் அதிகம்.

எக்கோவில் தளர்வையும் அளக்கலாம். நிரம்பும் இரத்தத்தின் வேகம், நிரம்பும்போது இருதயச் சுவர் அசையும் வேகம், இடது மேலறையின் பருமன் ஆகியவற்றைத் திறமையுள்ளவர் பார்த்தால் நிறையச் சொல்ல முடியும். ஆனால் அவற்றை அளக்க நேரமும் பயிற்சியும் வேண்டும். எல்லா அளவையும் எடுத்த பிறகும் ‘நிச்சயமாய்ச் சொல்ல முடியவில்லை’ என்ற நிலையில் நிற்பவர்கள் பலர். அந்த இடத்தில்தான் இரண்டாவது சாட்சியாக இரத்தம் வருகிறது.

4. இருதயம் எழுதி அனுப்பும் கடிதம்

இருதயம் வெறும் பம்பு அல்ல, அது ஒரு சுரப்பியும்கூட என்பது நம் காலத்துக் கண்டுபிடிப்பு. கனடா நாட்டின் கிங்ஸ்டன் நகரில் கத்தோலிக்கக் கன்னியாஸ்திரீகள் 1845-இல் ஆரம்பித்த ஹோட்டல் டியூ என்னும் ஆஸ்பத்திரி உண்டு. அங்கே பணிபுரிந்த அடால்ஃபோ டி போல்ட் என்னும் ஆராய்ச்சியாளர், இருதய மேலறைத் தசைக்குள் காணப்படும் சிறு சிறு மணிகள் எதற்காக என்று ஆராய்ந்தார். எலியின் மேலறைத் தசையை அரைத்து எடுத்த சாற்றை வேறு எலிகளுக்குள் செலுத்தியபோது, சிறுநீரும் அதனோடு உப்பும் மிகுதியாய் வெளியேறின. இதை அவரும் உடன் ஊழியர்களும் 1981-இல் வெளியிட்டார்கள். இருதயம் நீட்டி இழுக்கப்படும்போது, “உப்பையும் நீரையும் வெளியேற்று, என் பாரத்தைக் குறை” என்று சிறுநீரகத்துக்குச் செய்தி அனுப்புகிறது என்பது இதனால் தெளிவாயிற்று.

1988-இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் சூடோ, கங்காவா, மினாமினோ, மாட்சுவோ ஆகியோர் இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு பொருளைப் பன்றியின் மூளையிலிருந்து பிரித்தெடுத்தார்கள். மூளையில் கண்டதால் அதற்கு மூளையின் பெயரையே வைத்தார்கள். அதன் சுருக்கமே பி.என்.பி. மனிதரில் அது முக்கியமாய் இருதயத்தின் கீழறைகளிலிருந்தே வருகிறது என்று பின்னால் தெரிந்தது. பெயரோ மாறாமல் நின்றுவிட்டது.

கீழறையின் சுவர் இழுபடும்போது அதன் அணுக்கள் 108 அமிலக் கண்ணிகள் கொண்ட ஒரு சங்கிலியைச் செய்கின்றன. அது இரண்டாக வெட்டப்படுகிறது. 32 கண்ணிகள் உள்ள துண்டே பி.என்.பி. இதுதான் வேலை செய்யும் பகுதி. 76 கண்ணிகள் உள்ள மற்றத் துண்டுக்கு என்.டி. ப்ரோ பி.என்.பி. என்று பெயர். இது வேலை செய்யாது. ஆனால் இரத்தத்தில் அதிக நேரம் தங்கும். பி.என்.பி. சுமார் 20 நிமிடத்தில் பாதியாகக் குறைய, மற்றது பாதியாக ஒரு மணி நேரத்துக்கும் மேல் எடுக்கிறது. எடுத்த இரத்தக் குப்பியிலும் இரண்டாவது பொருள் எளிதில் கெடுவதில்லை. ஆகவே இரத்தத்தைத் தூரத்திலுள்ள ஆய்வகத்துக்கு அனுப்பவேண்டிய கிராமப்புற ஆஸ்பத்திரிகளுக்கு அது உதவியானது. இதற்குப் பட்டினி கிடக்கவேண்டியதில்லை. கையிலிருந்து எடுக்கும் சிறிதளவு இரத்தமே போதும்.

நாம் கவனிக்கவேண்டியது: வெளியே தள்ளும் பலம் குறைந்தாலும் சுவர் இழுபடும், விறைத்த அறைக்குள் இரத்தம் நெருக்கித் திணிக்கப்பட்டாலும் சுவர் இழுபடும். எனவே பம்பிங் சதவீதம் காட்டாத பாரத்தை இந்தப் பொருள் காட்டக்கூடும்.

5. சோதித்துப் பார்த்தார்களா?

ஆம். 2002-இல் வெளிவந்த ‘ப்ரீதிங் நாட் ப்ராப்பர்லி’ என்னும் ஆய்வில், மூச்சுத் திணறலோடு அவசரப் பிரிவுக்கு வந்த 1,586 பேருக்குப் பி.என்.பி. பார்த்தார்கள். ‘மூச்சு சரியாயில்லை’ என்ற பொருள் தரும் அந்த ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளும் பி.என்.பி. என்றே வருகின்றன! ஒரு மில்லி லிட்டருக்கு 100 பிகோகிராம் என்பதை எல்லையாக வைத்தபோது, இருதயச் செயலிழப்புள்ள 100 பேரில் 90 பேரை அந்தப் பரிசோதனை கண்டுகொண்டது.

அதே 2002-இல் அமெரிக்காவில் சுருங்கும் பலம் இயல்பாக இருந்த 294 பேரிடம் இன்னோர் ஆய்வு நடந்தது. எக்கோவில் தளர்வுக் கோளாறு காணப்பட்ட 119 பேருக்குப் பி.என்.பி. சராசரி 286. கோளாறு இல்லாத 175 பேருக்குச் சராசரி 33. இளைப்பாற முடியாத இருதயம் தன் பாரத்தை இரத்தத்தில் எழுதி வைக்கிறது என்பதற்கு இது நல்ல ஆதாரம்.

6. அளவுகளை வாசிப்பது எப்படி?

இங்கே சொல்லும் எண்கள் யாவும் ஒரு மில்லி லிட்டர் இரத்தத்தில் உள்ள பிகோகிராம் அளவு.

அ) திடீர்த் திணறலோடு வந்தவருக்குப் பி.என்.பி. 100-க்குக் கீழ், அல்லது என்.டி. ப்ரோ பி.என்.பி. 300-க்குக் கீழ் இருந்தால், இருதயச் செயலிழப்பு காரணமாயிருக்க வாய்ப்புக் குறைவு. நுரையீரலையும் மற்றக் காரணங்களையும் தேடவேண்டும்.

ஆ) அதே நிலையில் என்.டி. ப்ரோ பி.என்.பி. 50 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்கு 450-க்கு மேலும், 50 முதல் 75 வயதுவரை 900-க்கு மேலும், 75-ஐத் தாண்டியவருக்கு 1,800-க்கு மேலும் இருந்தால், இருதயச் செயலிழப்பு இருக்கக்கூடும் என்று கொள்ளப்படுகிறது. இரண்டுக்கும் நடுவில் இருந்தால் மற்ற அடையாளங்களோடு சேர்த்து முடிவு செய்யவேண்டும்.

இ) நடமாட்டத்தோடு, மெல்ல மெல்ல இளைப்பு கூடி வருகிறவருக்கு எல்லை தாழ்ந்தது: பி.என்.பி. 35, என்.டி. ப்ரோ பி.என்.பி. 125. இதற்கு மேலிருந்தால் தளர்வைக் கவனித்துப் பார்க்கும் எக்கோ அவசியம்.

7. சாட்சியும் சிலவேளை தடுமாறும்

இந்தப் பரிசோதனையை மட்டும் வைத்துக்கொண்டு யாரையும் ‘நோயாளி’ என்றோ ‘சுகமுள்ளவர்’ என்றோ தீர்க்கக்கூடாது. காரணங்களைச் சொல்கிறோம்.

உடற்பருமன் உள்ளவர்களுக்கு அளவு குறைவாகவே காணும். தளர்வுக் கோளாறோ அவர்களுக்குத்தான் அதிகம் வருகிறது. ஆகவே குறைந்த எண்ணைக் கண்டு நிம்மதியடைவது அவர்களுக்கு ஆபத்தானது.

சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கு அளவு கூடும். எனவே கிரியேட்டினினையும் கூடவே பார்க்கவேண்டும். முதுமையிலும், மேலறை ஒழுங்கின்றித் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் நோயிலும், நுரையீரல் குழாயில் இரத்தக்கட்டி அடைத்தாலும், கடுமையான கிருமித் தொற்றிலும் அளவு ஏறும்.

சாக்குபிட்ரில் என்னும் மருந்து சேர்ந்த மாத்திரையைச் சாப்பிடுகிறவர்களுக்குப் பி.என்.பி. கூடலாம், ஏனெனில் அதை உடைக்கும் நொதியை அம்மருந்து தடுக்கிறது. அவர்களுக்கு என்.டி. ப்ரோ பி.என்.பி. பார்ப்பதே சரி.

எல்லாவற்றிலும் முக்கியமானது இது. பம்பிங் இயல்பாயிருந்து தளர்வு மட்டும் கெட்டவர்களில், ஏறக்குறைய 10 பேரில் 3 பேருக்கு அளவு எல்லைக்குள்ளேயே இருக்கலாம். இருதயத்துக்குள் குழாய் செலுத்தி அழுத்தத்தை நேரடியாக அளந்த ஆய்வுகள் இதைக் காட்டியுள்ளன. பருமன் ஒரு காரணம். தடித்த சுவரும் சிறிய அறையும் இருக்கும்போது, அழுத்தம் கூடினாலும் சுவரின் ஒவ்வொரு இழைக்கும் வரும் இழுப்பு குறைவு என்பது மற்றொரு காரணம். வேறு சிலருக்கு நடக்கும்போது மட்டுமே அழுத்தம் ஏறுகிறது. உட்காரவைத்து எடுக்கும் இரத்தத்தில் அது தெரியாது.

ஆகையால் வயது, எடை, இரத்த அழுத்த மாத்திரைகளின் எண்ணிக்கை, நாடியின் ஒழுங்கு, எக்கோ ஆகிய யாவையும் சேர்த்து எடைபோடும் முறைகளை 2018-லும் 2019-லும் நிபுணர்கள் வகுத்துக் கொடுத்தார்கள். 2019-இல் வந்த ஐரோப்பிய முறையில் இந்த இரத்தப் பரிசோதனைக்கும் மதிப்பெண் உண்டு. ஆனால் அதுவும் பல மதிப்பெண்களில் ஒன்றே.

வேறு சில பொருள்களையும் ஆராய்ந்திருக்கிறார்கள். கலெக்டின்-3, எஸ்.டி.-2 ஆகியவை இருதயத்தில் தழும்பு நார் வளர்வதோடு தொடர்புடையவை. ட்ரோபோனின் இருதய அணுக்கள் காயப்படுவதைக் காட்டுகிறது. இவை நோயின் கடுமையை ஊகிக்க உதவலாம். தளர்வுக் கோளாறைக் கண்டுபிடிப்பதில் பி.என்.பி. குடும்பத்தின் இடத்தை இவற்றில் ஒன்றும் பிடிக்கவில்லை.

8. கண்டுபிடித்து என்ன பயன்?

“வயதானால் இளைப்பு வரத்தான் செய்யும். தெரிந்துகொண்டு என்ன ஆகப்போகிறது?” என்று கேட்பவர்கள் உண்டு. முன்பு இந்தக் கேள்விக்கு மருத்துவர்களும் தயங்கித்தான் பதில் சொன்னார்கள். இன்று அப்படியல்ல.

முதலாவது, நீர் இறக்கும் மாத்திரையைச் சரியான அளவில் கொடுத்தால் இளைப்பு குறையும். இரண்டாவது, இரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைப்பதும், உப்பைக் குறைப்பதும், எடையைக் குறைப்பதும், தினமும் தாங்குமளவு நடப்பதும் பயனளிக்கும். மூன்றாவது, சர்க்கரை வியாதிக்கென்று வந்த ஒரு மருந்து வகை, சர்க்கரை இல்லாதவர்களுக்கும் இந்நோயில் உதவுகிறது என்று தெரிந்திருக்கிறது. 2021-இல் வெளியான ஆய்வில், பம்பிங் 40 சதவீதத்துக்கு மேலுள்ள 5,988 பேரில் ஒரு பாதிக்கு எம்பாக்லிஃப்ளோசின் கொடுத்தார்கள். ஏறக்குறைய இரண்டு வருடத்தில், இருதயச் செயலிழப்புக்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களும் இருதய நோயால் மரித்தவர்களும் மருந்து பெறாதவர்களில் 100-க்கு 17 பேர், பெற்றவர்களில் 14 பேர். 6,263 பேருக்கு நடத்தி 2022-இல் வெளியிட்ட டாபாக்லிஃப்ளோசின் ஆய்வும் இதை உறுதிப்படுத்தியது. முக்கிய பலன் ஆஸ்பத்திரியில் சேர்வது குறைந்ததே. 100-க்கு மூன்று பேர் என்பது சிறிய எண்ணாகத் தோன்றலாம். நடுநிசியில் ஆட்டோவில் வந்த அந்தத் தாயாரும் அப்படிப்பட்ட மூவரில் ஒருவரே.

இளைப்பு வருமுன்னே கண்டுகொள்ள முடியுமா? அயர்லாந்து தேசத்தில் இரத்த அழுத்தம், சர்க்கரை போன்ற ஆபத்துகள் உள்ள 1,374 பேரிடம் நடந்த ஆய்வு 2013-இல் வெளியானது. ஒரு பிரிவினருக்குப் பி.என்.பி. பார்த்து, 50-ஐத் தொட்டவர்களுக்கு எக்கோவும் இருதய நிபுணரின் கவனிப்பும் கொடுத்தார்கள். அந்தப் பிரிவில் இருதயப் பலவீனமோ செயலிழப்போ வந்தவர்கள் 5.3 சதவீதம். வழக்கமான கவனிப்புப் பெற்றவர்களில் 8.7 சதவீதம். ஆனாலும் இந்தப் பரிசோதனை மற்றச் சாதாரண இரத்தப் பரிசோதனைகளைவிட விலை கூடியது. எனவே எல்லாரும் போய் எடுத்துக்கொள்ளும்படி நாங்கள் சொல்லவில்லை. ஆபத்து உள்ளவர்கள், இளைப்பின் காரணம் தெரியாதவர்கள், தங்கள் மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யட்டும்.

9. அந்தத் தாயாருக்கு என்ன ஆயிற்று?

அவரை அனுமதித்த இரவில் எடுத்த என்.டி. ப்ரோ பி.என்.பி. 2,340. அவருடைய வயதுக்குரிய எல்லை 900 என்று மேலே படித்தோம். கிரியேட்டினின் இயல்பு. மறுநாள் எங்கள் எக்கோவில் தளர்வைப் பொறுமையாகப் பார்த்தபோது சுவர் தடித்து, இடது மேலறை பெருத்து, நிரம்பும் அழுத்தம் கூடியிருந்தது. பம்பிங் அப்போதும் 60 சதவீதமே. பழைய அறிக்கை பொய் சொல்லவில்லை. நாங்கள்தான் அதனிடம் அரைக் கேள்வி கேட்டு, முழுப் பதில் கிடைத்துவிட்டதாக எண்ணிக்கொண்டோம்.

முதல் தடவை அவர் வந்தபோதே இந்தப் பரிசோதனையைக் கேட்டிருந்தால், அந்த இரவு அவருக்கு நேர்ந்திராமல் இருந்திருக்கலாம். இதை அவரிடமும் அவர் மகனிடமும் மறைக்காமல் சொன்னோம். தாயார் சற்று நேரம் பேசாமலிருந்தார். பிறகு, “இனிமே என்னைப்போல வர்றவங்களுக்குப் பாத்துடுங்கம்மா” என்றார். அந்த வார்த்தைக்குக் கீழ்ப்படிந்து, பம்பிங் இயல்பாக இருந்தும் இளைப்போடு வரும் முதியோருக்கு என்ன என்ன பார்க்கவேண்டும் என்று ஒரு தாளில் எழுதி, வெளிநோயாளர் பிரிவுச் சுவரில் ஒட்டியிருக்கிறோம்.

மருந்துகளை மாற்றி, ஊறுகாயையும் கருவாட்டையும் நிறுத்தி, ஆறு வாரம் கழித்து வந்தபோது அளவு 610. எண் முழுவதும் இறங்கிவிடவில்லை. இருதயம் ஒரே மாதத்தில் இளகிவிடாது. ஆனால் தலையணை ஒன்றாகிவிட்டது. “புளியமரத்துல நிக்கிறீங்களாம்மா?” என்று கேட்டோம். “நிக்கிறேன், ஆனா ஒரு நிமிஷம்தான்” என்றார்.

தமிழில் ‘இளைப்பு’ என்றாலும் அதன் ஆறுதலை ‘இளைப்பாறுதல்’ என்றாலும் ஒரே வேர்தான். இருதயம் இளைப்பாறாவிட்டால் மனுஷனுக்கு இளைப்பு வருகிறது. நம் முன்னோர் எக்கோவும் பி.என்.பி.யும் அறியாதவர்கள். ஆயினும் அவர்களுடைய சொல்லே இந்தப் பாடத்தை நமக்கு நினைவூட்டுகிறது.

ஆகவே அன்பானவர்களே, உங்கள் வீட்டில் அல்லது சபையில் ஒரு பெரியவர் வழக்கமாய் நடக்கும் தூரத்தைக் குறைத்துக்கொண்டாலோ, தலையணையைக் கூட்டிக்கொண்டாலோ, மாலையில் கால் வீங்கினாலோ, “வயசாச்சு” என்று விட்டுவிடாதிருங்கள். எக்கோவில் பம்பிங் நன்று என்று வந்திருந்தால், “தளர்வு எப்படி இருக்கிறது?” என்று மரியாதையோடு இன்னொரு கேள்வி கேளுங்கள். கேட்பதில் தவறில்லை. கேட்கப்படாததால் வரும் தவற்றை நாங்கள் கண்டோம்.

மறுபார்வைக் கேள்விகள்

1. இருதயம் தளர்வதற்கும் சக்தி தேவை என்பதற்கு இப்பாடத்தில் சொன்ன உதாரணம் எது?

2. பம்பிங் 60 சதவீதமாக இருந்தும் சரீரத்துக்குப் போதிய இரத்தம் கிடைக்காமற்போவது எப்படி?

3. பி.என்.பி. என்பது எங்கே முதலில் காணப்பட்டது? மனிதரில் முக்கியமாய் எங்கிருந்து வருகிறது?

4. இந்த அளவு குறைவாகக் காணப்பட்டாலும் யாரைப்பற்றி நாம் நிம்மதியடையக்கூடாது? ஏன்?

5. உங்கள் வீட்டில் உள்ள பெரியவர் போன வருடம் நடந்த தூரத்தை இந்த வருடமும் நடக்கிறாரா? இக்கேள்விக்கு விடை இந்தத் தாளில் இல்லை. இன்று மாலையே அவரோடு கூட நடந்துபோய்ப் பாருங்கள்.